பண்ணையில் ஒரு பலகை

மதிப்புக்குரிய வடக்கு மாகாண ஆளுநர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பில் பாடசாலை ஆசிரியராக இருக்கிறேன். சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் அம்மா, மனைவி, மகள், மச்சான், நான் என ஐந்து பேர் ஒரு வானில் ஏழு நாள் பயணம் வந்து, உங்கள் மாகாணத்தின் தீவுகளைப் பார்த்துத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியும் மனதில் கிடந்து உறுத்துகிற விடயம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கலாம். தீவுகளில் இருப்பவர்களும் அங்கே போக நினைப்பவர்களும் வாசித்து, நான் பிழையாகச் சொன்னதைத் திருத்தட்டும் என்றுதான் திறந்த மடலாக்கினேன்.

பயணத் திட்டத்தை மகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதினோம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். முதல் இரண்டு பக்கமும் ஒரே இரவில் நிரம்பிவிட்டன. மட்டக்களப்பிலிருந்து ஏ15 வீதியால் திருகோணமலை, அங்கே இரவு. அடுத்த நாள் ஹொறவப்பொத்தானை, வவுனியா, ஏ9 வீதி, ஆனையிறவு, யாழ்ப்பாணம். எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர் டீசல், எங்கே மத்தியானச் சாப்பாடு என்றெல்லாம் மச்சான் வாயாலேயே சொல்லிவிட்டான். நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால் அறையை ஆனி மாதமே பதிந்து வைத்தோம். மூன்றாம் நாள் பக்கத்தில் 'குறிகட்டுவான்' என்று எழுதிய பிறகு பேனை நின்றுவிட்டது. படகு எத்தனை மணிக்கு? திரும்பும் கடைசிப் படகு எப்போது? யாழ்ப்பாணத்தில் தெரிந்த மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் அன்போடு மூன்று வேறு நேரம் சொன்னார்கள்.

இதை ஒரு குறையாக நினைக்க எனக்கு முதலில் மனம் வரவில்லை. ஏனென்றால் நானும் துறையில் காத்திருந்து பழகியவன். ஆறு வருடம் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போய்ப் படிப்பித்திருக்கிறேன். வாவியைக் கடக்கும் அந்த மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பேர். உங்கள் பக்கமும் அதே பேர்தான், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுவதும் பாதைதான். தெரு முடிகிற இடத்தில் தண்ணீர்மேல் தொடர்கிற தெரு என்று எங்கள் மக்கள் அதைக் கண்டிருக்கிறார்கள். தெருவுக்கு நாம் என்னென்ன செய்கிறோம்? மைல்கல் நடுகிறோம், வளைவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை போடுகிறோம், வெள்ளம் பாய்ந்தால் தடை வைத்து ஆளை மறிக்கிறோம். தண்ணீர்மேல் போகிற துண்டுக்கும் அதுவே வேண்டும் என்பதுதான் என் மடலின் சாரம்.

ஏ15 வீதியில் போகும்போது அம்மா பழைய கதை சொல்லிக்கொண்டு வந்தா. அப்பாவோடு திருகோணமலைக்குப் போன காலத்தில் துறைக்குத் துறை இறங்கி, பாதை வரும்வரை மர நிழலில் குந்தியிருந்து, இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தார்களாம். இப்போது எல்லாம் பாலம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் மட்டும் 396 மீற்றர். வானில் அரை நிமிடம். அதே கிண்ணியாவில்தான், குறிஞ்சாக்கேணியில், பால வேலை நடந்த காலத்தில் ஓடிய ஒரு தற்காலிகப் பாதை 2021 நவம்பர் 23 காலையில் கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. வானுக்குள் அந்த இடத்தில் யாரும் பேசவில்லை. எத்தனை பேர் ஏறலாம், யார் எண்ணுவது, உயிர்காப்பு அங்கி எத்தனை என்ற கேள்விகளை நான் சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, ஐயா.

யாழ்ப்பாண நகரைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத பச்சைக் கடல், களங்கண்ணிக் கம்புகள், அவற்றின் மேல் நீர்க்காகங்கள். மகள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். சப்த தீவுகள் என்று சொல்லும் ஏழில் வேலணை, புங்குடுதீவு, காரைநகர் மூன்றுக்கும் தாம்போதி இருக்கிறது, சில்லிலேயே போகலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு நாலும் படகை நம்பியிருக்கின்றன. புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகட்டுவான் வந்ததும் தெரு முடிகிறது. வானை வெயிலில் விட்டுவிட்டு இறங்கினோம்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு ஒரு நேர்த்தி, அப்பா இருக்கும்போது வைத்தது. இறங்குதுறை விளிம்பில் படகு ஒரு முழம் ஏறி ஒரு முழம் தாழ்ந்துகொண்டிருந்தது. அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றா. ஒரு காலைத் தூக்குவா, படகு கீழே போய்விடும், காலைத் திரும்ப வைப்பா. மூன்று முறை. பிறகு படகில் நின்ற தம்பி ஒருவன் கையை நீட்டி, “அம்மா, கீழ பாக்காதேங்கோ, என்ர முகத்தைப் பாருங்கோ. படகு மேல வரேக்க நான் சொல்லுறன்” என்றான். சொன்னான், அம்மா கால் வைத்தா. உள்ளே போய் இருந்த பிறகும் அவன் கையை விடவில்லை. கடற்பயணம் கால் மணித்தியாலம்தான். அந்த ஓர் அடிதான் அம்மாவுக்குக் கடல். படகோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஒரு மிதவை மேடை அங்கே இருந்தால், பிடிக்க ஒரு கம்பி இருந்தால், நேர்த்தி வைத்த எத்தனை தாய்மார் நிம்மதியாகப் போய்வருவார்கள்!

அடுத்த நாள் நெடுந்தீவு. அம்மாவை அறையில் விட்டுவிட்டுப் போனோம். சோளகக் காற்றுக் காலம் என்பதால் படகு ஆடியது. ஒரு மணித்தியாலம் ஆழக்கடல். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட கடல் இது. நெடுந்தீவார் ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூருகிறார்கள். அந்தப் படகே திருத்தப்பட்டுத் திரும்பவும் மக்களை ஏற்றியது என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார். வேறு படகு இல்லாதவர்கள் வேறு என்ன செய்வது?

நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான காட்சி அந்தப் பயணத்தில்தான். படகில் விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்தது. நாங்கள் விடியவே வந்து வாங்கில் இடம் பிடித்துவிட்டோம். கடைசியாக ஏறிய ஓர் அம்மா, அரிசி மூட்டையின் மேல் இருந்தா. மடியில் பெரிய மண்ணிற எக்ஸ்ரே உறை. அலை தெறிக்கும்போதெல்லாம் அதைச் சேலைக்குள் இழுத்து மூடினா. மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் தட்டுப்போலப் பிடித்திருந்தா. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போய், முதல்நாள் படகைத் தவறவிட்டு, உறவினர் வீட்டில் தங்கி வருகிறாவாம். நான் எழும்பினேன். “இரு மோனை, எனக்கு இது பழக்கம்” என்றா. மனைவி கட்டாயப்படுத்தித்தான் இருக்க வைத்தாள். கண்ணுக்குத் தெரிந்த ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டோம். எங்களைப் போன்றவர்கள் நிறைத்ததால் கரையிலேயே நின்றுவிட்ட ஊரவர் எத்தனை பேரோ? நான் ஒரு நாள் போகிறேன். அந்த அம்மாவுக்கு அது வாழ்நாள் முழுக்கப் போகிற பஸ்.

மாவிலித்துறையில் இறங்கி, முச்சக்கரவண்டி ஒன்றைப் பேசிக்கொண்டோம். சாந்து இல்லாமல் பவளக் கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகள் வளவுக்கு வளவு ஓடுகின்றன. ஒல்லாந்தர் கோட்டையும் அதே கல்தான். பெருக்குமரத்தின் பொந்துக்குள் மகள் நின்று படம் எடுத்தாள். தீவின் தெற்கே வெளியில் மேயும் குதிரைகளைப் பார்க்கத்தான் அவள் இரண்டு மாதமாக நாள் எண்ணியிருந்தாள். ஆனால் காற்று ஏறிவிட்டது. பின்னேரப் படகு வராமலும் விடலாம், முன்னுக்கே புறப்பட்டாலும் புறப்படும் என்று ஆளுக்கொரு கதை. வண்டிக்காரத் தம்பிக்கும் தெரியவில்லை. பயத்தில் திரும்பி வந்து, மத்தியானம் தொடங்கித் துறையிலேயே காத்திருந்தோம். படகு வழமையான நேரத்துக்கே வந்தது. மகள் குதிரைகளைத் தூரத்தில், வெயிலில் அசைகிற புள்ளிகளாகத்தான் கண்டாள். எங்கள் இழப்பு அது. அந்தத் தம்பிக்கு அரைநாள் ஓட்டம் போயிற்று. மீன் சோறு சமைத்து வைத்திருந்த வீட்டுக்காரிக்கு ஐந்து சாப்பாட்டுக் காசு போயிற்று, வண்டிக்காரனின் பங்கையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தோம். நேரம் தெரியாமல் இருப்பதன் விலையைத் தீவுதான் கூடுதலாகக் கட்டுகிறது.

ஐந்தாம் நாள் ஊர்காவற்றுறை. கொப்பியில் 'பாதையால் காரைநகர்' என்று எழுதியிருந்தோம். அக்கரை வீட்டுக் கூரை தெரிகிற தூரம், நடுவில் தண்ணீருக்குள் கடற்கோட்டை. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வரிசையாக ஏறின. எங்கள் வானை ஏற்றுவார்களா என்று அங்கே போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. ஏற்றும் நிலை அன்று இல்லை. மச்சான் அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பி, வேலணை, பண்ணை, யாழ்ப்பாணம், வட்டுக்கோட்டை, பொன்னாலை என்று சுற்றி வந்தான். நானும் மகளும் பாதையில் பத்து நிமிடத்தில் அக்கரை போய், அவர்களுக்காகக் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிடம் மகளுக்குப் பிடித்திருந்தது. பாதையில் வாகனம் ஏற்றலாமா, எந்த அளவு மட்டும், எப்போது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அன்றைய பாதிநாள் மிஞ்சியிருக்கும்.

உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், இந்தப் படகுகளை நடத்துகிறவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் தன் படகு தெரியும். எல்லாரையும் ஒரு மேசையைச் சுற்றி இருத்துவது உங்களால் முடிந்த காரியம். பண்ணைப் பாலத்தின் நகரப் பக்க முனையில் பெரிய பலகை ஒன்று வையுங்கள். இன்று எந்தத் தீவுக்கு எத்தனை மணிக்குப் படகு, திரும்பும் கடைசிப் படகு எப்போது, காற்றினால் எது நிற்கிறது என்று மூன்று மொழியிலும் காலையிலேயே எழுதட்டும். சோக்கட்டியால் எழுதினாலும் போதும், அன்றன்று எழுதினால் சரி. அதே செய்தியைச் சொல்ல ஒரு தொலைபேசி இலக்கமும் வேண்டும். பல நூறு கிலோமீற்றர் ஓடி வருகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தெரியவில்லை.

அதற்கு முதல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நெடுந்தீவுப் படகில் ஊரவருக்கு முதல் இடம். அடையாள அட்டையில் தீவு முகவரி உள்ளவர்கள் ஏறிய பிறகு மிச்ச இடத்துக்கு எங்களை விடுங்கள். இடமில்லாவிட்டால் நாங்கள் அடுத்த நாள் போகிறோம். விடுமுறை நாட்களில் வருகிறவர்களுக்கென்று தனிப் படகு விட்டால் கூடுதல் கட்டணம் தரவும் தயார். தீவுகளுக்கு ஆட்கள் வரவேண்டும் என்று எல்லாரும் விரும்புகிறோம். வருகிற கூட்டம் அந்த எக்ஸ்ரே உறை வைத்திருந்த அம்மாவைத் தள்ளிவிட்டு ஏறக்கூடாது.

ஆறாம் நாள் கேரதீவால் வெளிக்கிட்டோம். அங்கேயும் முன்பு பாதைதான். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு 288 மீற்றரைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். பூநகரி, ஏ32 வீதி, மன்னார், அடுத்த நாள் வீடு. நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ அப்படி ஒரு பாலம் நாளைக்கே வந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். பலகை வரலாம்.

மார்கழி விடுமுறையில் சின்னம்மா நயினாதீவு போக வேண்டும் என்கிறா. வாடைக்காலம். அவவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. காலையில் எத்தனை மணிப் படகு, காற்று எழும்பினால் யாரைக் கேட்பது என்று நேற்றும் தொலைபேசியில் கேட்டா. குறிகட்டுவானில் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த கடைக்காரரின் இலக்கத்தைத்தான் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியர்