ஸ்கூட் அடிப்பவன் கோழை இல்லை

ஸ்கூட் அடிப்பவன் கோழை என்று முதலில் சொன்னவர் யாரோ, தெரியாது. அன்றைக்கு அவருக்குக் கை நன்றாக விழுந்திருக்கும்.

எங்கள் மனமகிழ் மன்றத்தில் இப்போது ஒரு புது யோசனை கிளம்பியிருக்கிறது. ரம்மியில் ஒருவர் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஸ்கூட் அடித்துவிட்டால், மூன்றாவது கை எப்படி இருந்தாலும் ஆடியே தீரவேண்டுமாம். ஆறு பேர் உட்கார்ந்தால் நாலு பேர் சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள், ஆட்டம் சூடு பிடிக்கவில்லை என்பது புகார். வருகிற பொதுக்குழுவில் இது தீர்மானமாக வரும். நான் எதிர்த்துப் பேசப்போகிறேன். அங்கே ஐந்து நிமிஷத்துக்கு மேல் மைக் கிடைக்காது. அதனால் முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆடாதவர்களுக்கு இரண்டு வரி. 13 சீட்டு கைக்கு வரும். முதல் சீட்டை எடுப்பதற்கு முன்பே "எனக்கு இந்த ஆட்டம் வேண்டாம்" என்று கவிழ்த்தால் அது ஸ்கூட். டிராப் என்றும் சொல்வார்கள். அதற்கு 20 புள்ளி. ஆடத் தொடங்கிவிட்டு நடுவில் விட்டால் மிடில், 40. மாட்டிக்கொண்டால் அதிகபட்சம் 80. ஜெயிக்க வேண்டுமானால் ஜோக்கர் கலக்காத ஒரு வரிசை, அதாவது ஒரிஜினல், கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அடுத்தவர் முடித்துவிட்டால், சேர்ந்த சீட்டு சேராத சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

இந்தக் கடைசி விதியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் சீட்டைப் பிரித்ததும் முதலில் தேடுவது எதை? ஜோக்கரை. ஒரு ஜோக்கர் கண்ணில் பட்டால் முகம் மலர்ந்துவிடும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கணக்குப் பிரிவில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. இரண்டு கட்டு, அச்சு ஜோக்கர் இரண்டு, மொத்தம் 106 சீட்டு. வெட்டி வைத்த ஜோக்கர் ஒன்று போக 105. அதில் ஜோக்கராக உதவுவது 9. ஆக, ஒரு கைக்குச் சராசரி ஒன்றுக்குச் சற்று மேல். பத்துக் கைகளில் ஏழில் ஒரு ஜோக்கராவது இருக்கும். உங்களிடம் இருக்கிறது என்று நீங்கள் பூரிக்கும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமும் ஒன்று இருக்கிறது ஐயா!

ஒரு உதாரணம் சொல்கிறேன். வெட்டிய ஜோக்கர் ஜாக்கி. ஒரு கையில் அச்சு ஜோக்கர் ஒன்று, ஜாக்கி ஒன்று. மீதி: இஸ்பேட் ஏஸ், 10, 6, ஆட்டின் ராஜா, 9, 5, டைமண்ட் ராணி, 8, 4, கிளாவர் 10, 7. இன்னொரு கையில் ஜோக்கரே கிடையாது. இஸ்பேட் 4, 5, 6. டைமண்ட் 3, 5, 8, 9. கிளாவர் 2, 3, 7. ஆட்டின் 2, 4, 7.

மன்றத்தில் எட்டுப் பேரைக் கேட்டால் ஆறு பேர் முதல் கையைத்தான் ஆடுவார்கள். இரண்டு ஜோக்கர் வந்த கையைக் கவிழ்ப்பதா என்பார்கள். ஆனால் அந்தக் கையில் ஒரே இனத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு சீட்டுகூட இல்லை. ஒரிஜினலுக்கு விதையே இல்லை. ஜோக்கர் இரண்டும் இருந்தும் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கும். எண்ணினால் 89, உச்சவரம்பு இருப்பதால் 80. இரண்டாவது கையில் ஒரிஜினல் பிறக்கும்போதே இருக்கிறது. அடுத்த நிமிஷமே யாராவது முடித்தாலும் 50-க்கு மேல் போகாது. டைமண்ட் 8, 9 இருக்கிறது, கிளாவர் 2, 3 இருக்கிறது, ஜோடிகள் இருக்கின்றன. ஆடவேண்டிய கை அது. முதல் கையை 20 கொடுத்து வழியனுப்ப வேண்டும்.

ஒட்டும் சீட்டிலும் தராதரம் உண்டு. 6, 7 இருந்தால் 5 வந்தாலும் சரி, 8 வந்தாலும் சரி; இரண்டு கட்டிலும் சேர்த்து நாலு சீட்டு உதவும். 6, 8 இருந்தால் 7 மட்டும்தான், இரண்டே சீட்டு. ராஜாவும் ஏஸும் பார்க்க ஜம்மென்று இருக்கும், ஆனால் ராணிக்கு மட்டும் காத்திருக்க வேண்டும், வரும்வரை இருபது புள்ளிச் சுமை வேறு. அதிலும் ஜோக்கரே 7 என்று வெட்டியிருந்தால், 6, 8 வைத்துக்கொண்டு 7-க்குக் காத்திருப்பது வீண். ஜோக்கரை யார் கீழே விடுவார்கள்?

"இரண்டு சீட்டு எடுத்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் மிடில்" என்று ஒரு கோஷ்டி உண்டு. புத்திசாலித்தனமாகக் காதில் விழும். உங்கள் கை போகக் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 91. உதவுவது நாலு என்றால், கட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஏறக்குறைய 23-இல் ஒரு வாய்ப்பு. இரண்டு தடவைக்கு 11, 12-இல் ஒன்று. மேல்கைக்காரர் விடுவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். அதற்காக நீங்கள் கொடுப்பது கூடுதலாக 20 புள்ளி.

101 ஆட்டத்தில் இது இன்னும் தெளிவு. ஐந்து ஸ்கூட் அடித்தாலும் 100-இல் உயிரோடு இருக்கலாம். ஒரு ஃபுல் வாங்கினால் நாலு ஸ்கூட்டை மொத்தமாக விழுங்கிவிடும்.

இதையெல்லாம் காலணா ஆட்டத்துக்கு எதற்கு இவ்வளவு அலசல் என்று கேட்பீர்கள். என்னோடு ஓய்வு பெற்ற ஒரு நண்பர், பெயர் வேண்டாம். மன்றத்தில் அவரைச் 'சிங்கம்' என்பார்கள், எந்தக் கையையும் கீழே வைக்கமாட்டார். புள்ளிக்கு 25 பைசா, ஃபுல் வாங்கினாலும் 20 ரூபாய், சிரித்துக்கொண்டே கொடுப்பார். பிறகு ஃபோனில் ஆட ஆரம்பித்தார். அங்கே புள்ளிக்கு 10 ரூபாய். அதே சிங்கம், அதே ஃபுல், 800 ரூபாய். கம்யூட்டேஷன் பணத்தில் பெரும்பகுதி போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. "அண்ணே, உங்க கூட இருபது வருஷமா ஆடினாரே, அப்பல்லாம் இப்படி ஆகலையே" என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். அப்போதும் இப்படித்தான் ஆடினார் அம்மா, விலைதான் குறைவு.

திறமை ஆட்டம் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். 1968-லேயே உச்சநீதிமன்றம் ரம்மியைப் பெருமளவு திறமை சார்ந்த ஆட்டம் என்று சொல்லிவிட்டது. போன சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைப்பது எதை விடுவது என்று தீர்மானிப்பதும் திறமை என்பது அதன் நியாயம். சென்னை உயர்நீதிமன்றமும் 2023-இல் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பிடியிலிருந்து ரம்மியையும் போக்கரையும் அதே காரணத்துக்காக விலக்கியது. சரி, திறமைதான். ஆனால் அந்தத் திறமையில் முதல் பாதி, 13 சீட்டையும் பார்த்துவிட்டு மரியாதையாகக் கவிழ்ப்பது. சீட்டைக் கவிழ்ப்பவரை ஒரு விளம்பரத்திலாவது பார்த்தீர்களா? பார்த்திருக்க முடியாது. ஜெயித்தவர் பணத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறவருக்கு, 20-ஐவிட 80 நாலு மடங்கு இனிக்கும்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் கொண்டுவந்து பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. நல்லது. அவர்கள் கடையைக் கட்டிய பிறகு, எல்லாக் கையையும் ஆடு என்ற அதே பாடத்தை நம் மன்றம் விதியாகவே எழுதப்போகிறதா?

எப்போதும் ஸ்கூட் அடி என்று நான் சொல்லவில்லை. முன்னால் இருக்கும் மூன்று பேர் கவிழ்த்துவிட்டு, எதிராளி ஒருவரோ இருவரோதான் மிச்சம் என்றால், சுமாரான கையையும் துணிந்து ஆடலாம். அப்படிப் பார்த்து முடிவு செய்வதைத்தான் புது விதி பிடுங்கிக்கொள்கிறது.

ஸ்கூட் அதிகம் என்பது உண்மையிலேயே குறையென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 201 ஆட்டத்தில் ஸ்கூட்டுக்கு 25, மிடிலுக்கு 50. நம் மேஜையிலும் 20-ஐ 25 ஆக்குங்கள், நான் கை தூக்குகிறேன். கொடுக்கும் விலையைக் கூட்டட்டும். கவிழ்க்கலாமா கூடாதா என்பதைக் கையில் சீட்டு வைத்திருப்பவர் சொல்லட்டும். பொதுக்குழுவில் இதைத் திருத்தமாகக் கொண்டுவருகிறேன்; வழிமொழிய ஒருவர் வேண்டும். மன்ற உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால் அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாக வந்துவிடுங்கள்.