சாயம் போச்சு... உப்பு போகலையே!

குட்டீஸ்... நீங்கள் போட்டிருக்கும் பருத்தி டி-சர்ட் எந்த ஊரில் தயாரானது தெரியுமா? பெரும்பாலும் திருப்பூராகத்தான் இருக்கும். வெளிநாடுகளுக்கு நம் நாடு அனுப்பும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகின்றன.

சிவப்பு, நீலம், பச்சை என்று எத்தனை அழகான நிறங்கள்! இந்த நிறங்களுக்காக ஓர் ஆறு கொடுத்த விலை கொஞ்சமல்ல. மழைக்காலத்தில், 'நொய்யலில் நுரை பொங்குகிறது' என்று அவ்வப்போது செய்தி வருகிறதே... அந்த ஆறுதான் அது.

மேற்குத் தொடர்ச்சி மலையில், வெள்ளியங்கிரிப் பகுதியில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. அதன் நீரைத் தேக்கிப் பாசனம் செய்வதற்காக, சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ம் ஆண்டு அணை திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஒரு விநோதம் நடந்தது. அணையில் தண்ணீர் இருந்தும், 'எங்கள் வயலுக்குத் திறந்து விடாதீர்கள்' என்று விவசாயிகளே கேட்டார்கள்!

வில்லன் யார்?

உப்புதான்! பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க, சாயம் கரைத்த நீரில் நிறைய உப்பும் சேர்ப்பார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஒட்டிக்கொள்ளும். உப்பு ஒட்டாது, அப்படியே கழிவுநீரில் வந்துவிடும். பல ஆண்டுகள் அந்த நீர் நொய்யலில் கலந்து, அணையில் தேங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளும் கரிக்கத் தொடங்கின.

வேருக்குள் இருப்பதைவிட, மண்ணில் உள்ள நீரில் உப்பு மிகவும் அதிகமானால், வேரால் அதை உறிஞ்ச முடியாது. காலடியில் தண்ணீர் இருந்தும் பயிர் தாகத்தால் வாடும். நம்பிக்கை இல்லையா? இரண்டு கிண்ணங்களில் பச்சைப்பயறை ஊறப் போடுங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர்; மற்றொன்றில் நிறைய உப்புப் போட்ட தண்ணீர். எது முளை விடுகிறது என்று இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

சுத்தம் செய்தால் போதாதா?

'கழிவுநீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விட வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். உப்பு துணியில் நிற்காது. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையங்களின் கதையும் இதுதான். அழுக்கும் நிறமும் குறையும், உப்பு தப்பித்துவிடும்.

உப்பைப் பிடிக்க இரண்டு கட்ட வேலை இருக்கிறது. முதலில், மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ள வேண்டும். உங்கள் வீட்டு 'ஆர்.ஓ.' இயந்திரம் செய்வதும் இதைத்தான். பெரிய மோட்டார்கள் ஓட வேண்டும்; மின்சாரம் வேண்டும். அடுத்து, மிஞ்சும் கரிப்பு நீரைச் சூடாக்கி ஆவியாக்க வேண்டும். இங்கேதான் செலவு எகிறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப் போல 7 மடங்குக்கு மேல், அதை முழுவதும் ஆவியாக்கத் தேவை! ஆவியின் வெப்பத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கருவிகள் இருந்தாலும், கொதிகலனுக்கு விறகோ, நிலக்கரியோ போட்டுத்தான் ஆக வேண்டும்.

வழக்கு என்ன ஆயிற்று?

விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட ஆற்றில் விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ம் ஆண்டு உத்தரவிட்டது. மாசுபடுத்தியவர்களே நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமும் 2009-ம் ஆண்டு உறுதி செய்தது. அப்படியும் கழிவுநீர் நிற்காததால், 2011-ம் ஆண்டு ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையின்றித் தவித்தார்கள். வயலை இழந்த வீட்டிலும் குழந்தைகள் உண்டு. வேலையை இழந்த வீட்டிலும் உண்டு, இல்லையா?

தகுந்த கருவிகளைப் பொருத்திய பிறகே ஆலைகள் திரும்ப இயங்கின. இப்போது அவற்றில் தண்ணீரின் பெரும்பகுதியும், உப்பும் மீட்கப்பட்டு மறுபடி சாயத் தொட்டிக்கே போகின்றன. ஆனாலும், உப்பேறிய மண் உடனே குணமாவதில்லை. கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடை நீரும் நொய்யலுக்கு இன்னொரு தலைவலி.

யார் கொடுப்பது விலை?

குட்டீஸ்... அழுக்கு மாயமாக மறைவதில்லை, இடம்தான் மாறுகிறது. நீரில் விட்டால், சோறு போடும் வயல் பாதிக்கப்படும். நீரிலிருந்து எடுத்தால், மின்சாரமும் விறகும் செலவாகும். புகை காற்றில் கலக்கும். தண்ணீர், உணவு, எரிசக்தி மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் அசையும்.

அதனால், குறைந்த உப்பில், குறைந்த தண்ணீரில் சாயமேற்றும் முறைகள் பரவ வேண்டும். காற்றாலை, சூரிய மின்சாரம் பெருக வேண்டும். சுத்திகரிப்புச் செலவு டி-சர்ட்டின் விலையிலேயே சேர வேண்டும். அதைச் சட்டை வாங்குபவர் கொடுப்பதா, ஒரத்துப்பாளையத்து விவசாயி கொடுப்பதா?

அடுத்த முறை, 'நிறம் பிடிக்கலை, வேற வாங்கிக் கொடுங்க' என்று அப்பாவிடம் அடம்பிடிக்கும்முன், இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!