பூங்காவும் அதன் காவலரும்

விருதுநகர் ஜில்லா வத்திராயிருப்பு தாலுகாவில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ளது கூமாப்பட்டி. தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் சூழ்ந்த இச்சிற்றூரின் பெயர் 2025ஆம் வருஷம் ஜூன் மாதம் வரையில் அக்கம்பக்கத்தாரன்றிப் பிறர் அறியாதது. அம்மாதத்தில் உள்ளூர் வாலிபர் ஒருவர் தண்ணீரில் நின்றுகொண்டு தம் ஊரின் பெருமையைப் பேசி, யாவரும் வருக என்று அழைத்த சலனப் படம் கைப்பேசிகளின் வழியே தமிழ்நாடெங்கும் பரவிற்று. சில தினங்களில் பட்டணத்து ஜனங்கள் வண்டி வண்டியாகப் புறப்பட்டனர். வந்தவர்கள் தேடிய சொர்க்கம் அங்கே இல்லை என்று சிலர் குறைப்பட்டனர். வந்த கூட்டத்தைக் கண்டு ஊரார் சிலர் திகைத்தனர். அவ்வாண்டிலேயே, ஊருக்கு அருகிலுள்ள பிளவக்கல் அணைப் பூங்காவைச் சீர்திருத்த ராஜாங்கத்தார் பத்துக் கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தனர்.

சர்க்காரின் இக்கருணையை நாம் குறை கூற முன்வரவில்லை. தெற்கத்தி ஜில்லாக்களின் ஏழை ஜனங்களுக்கும் நிழலும் புல்தரையும் குழந்தைகள் ஓடியாட இடமும் வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்டே தீரவேண்டும். பத்துக் கோடி ரூபாய் கல்லாகவும், கம்பி வேலியாகவும், வர்ணம் பூசிய பொம்மைகளாகவும் மாறிய பிறகு, பத்தாவது வருஷத்தில் அந்தப் பூங்காவுக்குப் பொறுப்பாளி யார்?

இக்கேள்வி வீண் சந்தேகத்தால் எழுந்ததன்று. பிளவக்கல்லில் பூங்கா இல்லாதிருந்து இப்போது புதிதாகப் பிறக்கவில்லை, முன்னமே இருந்தது, கவனிப்பாரற்றுச் சீர்கெட்டது. அதனாலேயே இன்று சீர்திருத்தம் தேவையாயிற்று. சென்ற தடவை பணம் செலவழித்தவர்களும் நல்லெண்ணத்துடனேயே செலவழித்திருப்பார்கள். அவர்கள் செடியை நட்டார்கள். செடிக்கு ஒரு மனிதரை நியமிக்க மறந்தார்கள்.

அந்த இடத்தின் இயல்பையும் வாசகர்கள் கருத வேண்டும். பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு ஓடைகளைத் தடுத்துக் கட்டிய அணைகளே பிளவக்கல் அணைகள். வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்களும் வயல்களும் அந்நீரை நம்பியுள்ளன. மேலே உள்ள காடு 1988ல் சாம்பல்நிற மலையணிலுக்குச் சரணாலயமாயிற்று. 2021ல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இந்தியாவில் அது 51வது காப்பகம். நம் மாகாணத்தில் ஐந்தாவது. அண்டையிலுள்ள சதுரகிரிக்கு ஆடி அமாவாசையில் செல்லும் யாத்திரீகர் கூட்டத்தைச் சமாளிப்பதே ஒவ்வோராண்டும் பெரும்பாடு. இத்தகைய இடத்தில் பூங்கா அமைப்பவருக்கு எங்கே நடுவது என்பது மாத்திரம் தெரிந்தால் போதாது. எங்கே நடாமல் விடுவது, எந்த எல்லைக்கு அப்பால் ஜனங்களை அனுமதியாதிருப்பது, கோடையில் விவசாயியின் தண்ணீரைப் புல்தரை குடித்துவிடாமல் காப்பது எப்படி என்பனவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வறிவு ஓர் உத்தரவினால் வருவதன்று. ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் உழைப்பவருக்கே வருவது.

காப்பாளர் இல்லாத பூங்காவின் கதி யாதென்பதற்குச் சென்னைப் பட்டணமே சாக்ஷி. சர் சார்லஸ் டிரெவிலியன் கவர்னராயிருந்த 1859-60ல் அங்கே ‘பீபிள்ஸ் பார்க்’ என்ற பெயருடன் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஜனங்களின் பூங்கா உருவாயிற்று. பிறகு நடந்ததென்ன? விக்டோரியா மண்டபத்துக்குக் கொஞ்சம். மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம். ரிப்பன் கட்டிடத்துக்குக் கொஞ்சம். விளையாட்டு அரங்குக்குக் கொஞ்சம். ஒவ்வொன்றும் நல்ல காரியமே. ஆனால் நல்ல காரியம் ஒவ்வொன்றுக்கும் பூங்காவே இரையாயிற்று. மிருகக் காட்சிசாலை 1985ல் வண்டலூருக்குப் போயிற்று. இப்பொழுது மிஞ்சியுள்ளது ‘மை லேடீஸ் பார்க்’ என்ற சிறு துண்டமே. பூங்காவுக்காக வாதாடுவதையே தம் உத்தியோகமாகக் கொண்ட அதிகாரி ஒருவர் இருந்திருப்பின், அந்த நிலம் இவ்வளவு சுலபமாகக் கரைந்திருக்குமா?

இதற்கு மாறான உதாரணம் வெகு தூரத்தில் இல்லை; மைசூரில் இருக்கிறது. 1874ல் ஜான் காமெரன் என்பவர் பெங்களூர் லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1908 வரை முப்பத்து நான்கு வருஷம் அதே வேலையில் இருந்தார். அவருக்குப் பின் வந்தவர் க்ரும்பிகெல் என்னும் ஜெர்மானியர். லண்டன் கியூ தோட்டத்தில் பயின்று, 1893ல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்து, அங்கிருந்து மைசூருக்கு அழைக்கப்பட்டவர். 1932 வரை சமஸ்தானத் தோட்டங்களுக்குத் தலைமை வகித்தார். வருஷம் முழுவதும் ஏதேனும் ஒரு தெருவில் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு அவர் நட்ட மரங்களின் பயனைப் பெங்களூர்வாசிகள் இன்றும் அனுபவிக்கின்றனர். கண்ணம்பாடி அணையின் காலடியில் அமைந்த பிருந்தாவனத் தோட்டத்திலும், திவான் சர் மிர்ஸா இஸ்மாயிலின் ஊக்கத்தோடு, அவருடைய கைவண்ணம் உண்டு. அதுவும் ஓர் அணைப் பூங்காவே என்பதைப் பிளவக்கல் அபிமானிகள் கவனிப்பார்களாக.

இங்கே வெள்ளைக்காரரைப் புகழ்வது நம் நோக்கமன்று. நமது கவனத்தைக் கவர்வது வேறு. க்ரும்பிகெல்லுக்குப் பின் அப்பதவி இந்நாட்டவரான ஜவராயாவிடம் வந்தது. சில வருஷங்களில் மரிகௌடா வந்தார். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய மரிகௌடா, 1974ல் ஓய்வு பெறும் வரையில் லால்பாக்கோடு நில்லாமல், ராஜ்யமெங்கும் தோட்டப் பண்ணைகளைப் பரப்பி, குடியானவர்களுக்கு நாற்றும் ஒட்டுச்செடியும் கிடைக்க வழி செய்தார். 1874 முதல் 1974 வரை நூறு ஆண்டு; அந்நூறாண்டின் பெரும்பகுதியை நிரப்பியவர்கள் நான்கே மனிதர்கள். மகாராஜாக்கள் மாறினர், திவான்கள் மாறினர், அன்னிய ஆட்சி போய்ச் சுயராஜ்யமும் வந்தது. தோட்டத்துக்கு மாத்திரம் தலைவர் இல்லாத காலம் வரவில்லை. பெங்களூரின் புகழுக்கு அதன் குளிர்ந்த காற்று பாதிக் காரணமெனில், இத்தொடர்ச்சி மறுபாதி.

நம் உதகமண்டலத்துத் தாவரத் தோட்டத்தையும் 1848 முதல் 1876ல் தாம் இறக்கும் வரை உருவாக்கியவர் மக்கைவர் என்ற ஒரே மனிதரே. ஆனால் அங்கே அது வெயிலுக்கு அஞ்சி மலையேறிய துரைமார்களின் சுகத்துக்காக நடந்தது. துரைமார்களின் சுகத்துக்கு ஆயுட்காலத் தோட்டத் தலைவர் அவசியமாயிருந்தார். சுதந்திர நாட்டின் ஜனங்களுக்கு மாத்திரம் வருஷாந்தர ஒப்பந்தக்காரர் போதுமென்பது என்ன நியாயம்?

‘இதெல்லாம் மேனாட்டு வழக்கம்’ என்று ஆக்ஷேபிப்போர் கூமாப்பட்டிக்குத் தாலுகாத் தலைநகராக நெடுங்காலம் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூரையே நினைக்கட்டும். நந்தவனம் அமைத்துப் பூமாலை கட்டிச் சமர்ப்பிப்பதையே தம் வாழ்நாள் கைங்கரியமாகக் கொண்டவரன்றோ பெரியாழ்வார்? அத்தோட்டத்துத் துளசியின் அடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள் என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். சோழர் காலத்துச் சாசனங்களைப் பார்த்தாலும், நந்தவனத்துக்கு நிலம் விட்டவர்கள் அத்துடன் நில்லாமல், அதைப் பேணும் குடிகளின் ஜீவனத்துக்கும் நிலம் விட்டிருப்பதைக் காணலாம். தோட்டம் வைப்பது வேறு, தோட்டக்காரரை வைப்பது வேறு என்று அவர்கள் எண்ணவில்லை. நம் பட்ஜெட்டுகளோ முன்னதற்குக் கோடிகளை எழுதிப் பின்னதற்குப் புள்ளியும் வைப்பதில்லை.

அணைப் பூங்காக்கள் பெரும்பாலும் நீர்வள இலாகாவின் வசம் உள்ளன. அவ்விலாகாவின் இஞ்சினீயர்களை நாம் குற்றஞ்சாட்டவில்லை. வெள்ளத்தையும் மதகையும் பார்ப்பதே அவர்கள் கடமை. ரோஜாச் செடிக்குப் பூச்சி விழுந்ததா என்று பார்ப்பதற்கு அவர்கள் கற்றவருமல்லர், அவர்களுக்கு அவகாசமுமில்லை. ஜில்லா கலெக்டர்களோ வருவதும் போவதுமாயிருப்பவர்கள். ஒருவர் ஆசையோடு ஆரம்பித்த காரியத்தை அடுத்தவர் தொடர வேண்டும் என்ற விதியில்லை. எல்லோருக்கும் உரிய பூங்கா ஒருவருக்கும் பொறுப்பில்லாத பூங்காவாவது இவ்விதமே.

ஆகையால் நாம் கோருவன இவை. வைகை, மணிமுத்தாறு, பிளவக்கல் முதலிய தென்ஜில்லாக்களின் அணைப் பூங்காக்களை ஒன்று சேர்த்து, அவற்றுக்கெனத் தனிப் பூங்கா இலாகா ஒன்றை அமைக்க வேண்டும். தோட்டக்கலையில் தேர்ந்த ஒருவரை அதன் தலைவராக நியமித்து, குறைந்தது பத்து வருஷமேனும் மாற்றாதிருக்க வேண்டும். கட்டிடச் செலவு எவ்வளவோ அவ்வளவு கண்ணுங்கருத்துமாகப் பராமரிப்புச் செலவையும் வருஷந்தோறும் தனியே ஒதுக்க வேண்டும். கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கத்து வாலிபர்களையும் பெண்களையும் பயிற்றுவித்து, நிரந்தர உத்தியோகத்தில் அமர்த்த வேண்டும். வனத்துறையின் சம்மதமின்றிக் காட்டின் திசையில் ஓர் அடியும் பூங்கா நீளலாகாது. மருதும் நாவலும் புங்கும் இலுப்பையும் அந்த மண்ணுக்குப் பழகியவை. அவற்றை நடுவதற்கு அயல்நாட்டு விதை தேவையில்லை.

ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் குறைவாயிருக்கையில் தோட்டத்துக்குச் சம்பளமா என்று கேட்போர் இருக்கலாம். பள்ளிக்கூடம் கட்டி உபாத்தியாயரை நியமியாத சர்க்காரைச் சிக்கனமானது என்று எவரும் மெச்சமாட்டார். கட்டி, கெடவிட்டு, மறுபடி கட்டுவதைவிட விலையுயர்ந்த சிக்கனம் வேறில்லை.

கூமாப்பட்டி வாலிபர் தம் ஊரைப் பற்றிப் பெருமையுடன் பேசினார், நாடு கேட்டது, சர்க்காரும் கேட்டது. ஜனங்களின் கவனம் சில வாரங்களில் வேறிடத்துக்குத் திரும்பிவிடும் என்பது உலக இயல்பு. அக்கவனம் போன பிறகும் விடியற்காலையில் வாளியுடன் வந்து நிற்பவர் ஒருவர் வேண்டும். நமது தேசபக்தத் தொண்டர்களும், ஸ்தல ஸ்தாபன அங்கத்தினர்களும், சட்டசபைப் பிரதிநிதிகளும் அடுத்த பட்ஜெட் விவாதத்தில் பூங்கா எப்போது திறக்கப்படும் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். அதன் தலைவர் யார், அவருக்கு எத்தனை வருஷம் என்றும் கேட்பார்களாக.