கொல்லைப்புறத்துக்கும் ஒரு பறவைக் கணக்கு

ஐதராபாத்தின் கிழக்கே தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடக்கும் நாச்சாரம் போன்ற பகுதியிலும், ஒரு வேப்பமரமும் நாலு செம்பருத்திச் செடியும் இருந்தால் தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் அணிலும் வந்துவிடும். பார்த்து மகிழ்வதோடு நிறுத்தாமல், வந்தவற்றைத் தேதியிட்டுக் குறித்தும் வைக்க வேண்டும். சரணாலயங்களுக்கு ஆய்வாளர்கள் போவார்கள். வீட்டுத் தோட்டத்தைக் கணக்கெடுக்க அங்கே குடியிருப்பவரை விட்டால் ஆளில்லை. கைப்பேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி நாடெங்கும் அழிகிறது என்று பல ஆண்டுகள் நம்பினோம். ஆர்வலர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையோ, சிட்டுக்குருவி நாடளவில் ஏறக்குறைய நிலையாக இருப்பதையும் பெருநகரங்களில் குறைந்து வருவதையும் காட்டியது. சுமார் 30,000 பேரின் பதிவுகளைக் கொண்டு 2023இல் வந்த அடுத்த அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் சரிந்திருப்பதாகச் சொன்னது. குறைந்துவரும் பறவைகளில் பனங்காடையும் ஒன்று. தெலங்கானாவின் மாநிலப் பறவை அது. தசராவன்று கண்ணில் பட்டால் நல்ல சகுனம் என்று மக்கள் தேடிப் பார்க்கும், தெலுங்கில் பாலபிட்டா எனப்படும் பறவை. அவ்வளவு பழகிய பறவையின் சரிவே பதிவுகளைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் தெளிவானது.

பயிற்சி இல்லாதவர்களின் குறிப்பை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் ஆர்வலர்களின் பறவைப் பதிவுகள் சேரும் இ-பேர்ட் இணையதளத்தில் வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அந்தந்த வட்டாரத்தை அறிந்தவர்கள் சரிபார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான பட்டியல்கள் சேரும்போது தனியொருவர் பிழை போக்கை மாற்றிவிடாது. பறவைகளை வரவழைக்க இரை போட்டுப் பழக்கினால் கெடுதல்தானே என்பதும் சரியே. தானியம் இறைத்தால், ஏற்கெனவே பெருகிவிட்ட மாடப்புறாதான் கூடும். அதனால் இரை வேண்டாம்; உள்ளூர்ச் செடிகளும் தினமும் மாற்றிய தண்ணீரும் போதும். கீரிப்பிள்ளை, பழந்தின்னி வௌவால் போன்ற பாலூட்டிகளைக் குறித்து வைப்பவர்கள் இன்னும் குறைவு. அவற்றையும் நோட்டில் ஏற்ற வேண்டும்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்தாலே பங்கேற்கலாம். தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி இப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. நாச்சாரத்துக் குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிகளும் அதே தெருக்களில் ஆண்டுதோறும் இதைச் செய்யலாம். நாளை சாலைக்கென்றோ கட்டடத்துக்கென்றோ ஒரு மரத்தை வெட்ட வரும்போது, அதை நம்பி வாழும் உயிர்கள் எவை என்று பெயர் சொல்லி வாதாட அந்தக் கணக்கு கைகொடுக்கும்.