பெட்டியும் பிரயாணமும்

இருதயத் துடிப்பின் கோளாறு ஒளிந்து விளையாடும் இயல்புடையது. வைத்தியர் முன்னிலையில் சீராகத் துடிக்கும். வீடு திரும்பியதும் தடுமாறும். இதனை உணர்ந்த அமெரிக்க விஞ்ஞானி நார்மன் ஹோல்டர், நடமாடும்போதே துடிப்பைப் பதியும் கருவியை அமைத்தார். 1940-களில் அது முதுகில் சுமக்கும் ஏறத்தாழ 38 கிலோ பாரம்! இன்றோ சட்டைப் பையில் அடங்குகிறது.

நம் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திற்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் இருதய நோயாளர் வருவதை அன்பர்கள் அறிவர். ஒவ்வொரு சோதனைக்கும் ரயிலேறுவது முதியோர்க்கு எளிதன்று. அத்துன்பத்தைக் குறைக்கவே, பேஸ்மேக்கர் பொருத்தியோரில் சிலருக்குப் படுக்கையருகே வைக்க ஒரு சிறு பெட்டி தருகின்றனர். உடலினுள் உள்ள கருவியின் குறிப்புகளை அது மருத்துவமனைக்கு அனுப்பும்.

சென்ற பொங்கலுக்கு நம் மாமனார் ஊருக்குச் சென்றார். பெட்டியோ இங்கே கட்டிலருகே கிடந்தது. மறதி நம்முடையதே. அங்கே தலை சுற்றியபோது, “ஆஸ்பத்திரியில் இந்நேரம் தெரிந்திருக்கும்” என்று அவர் படுத்துவிட்டார். மாமியார் பிடிவாதமாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றதால் தீங்கு நேரவில்லை.

கைகாட்டி இறங்கினால் மட்டும் போதாது. அதைப் பார்ப்பவரும் வேண்டும். பெட்டி அனுப்பும் குறிப்பை எந்நேரமும் ஒருவர் விழித்திருந்து படிப்பார் என்று எண்ணற்க. ஊர் செல்லுமுன் பெட்டியை எடுத்துச் செல்வது குறித்து மருத்துவமனையில் கேட்டறிக. மயக்கமோ மார்வலியோ வந்தால் பெட்டியை நம்பிக் காத்திராது, அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே விரைக.