சல்சா தெரியும்... அரகோனைத் தெரியுமா?

சல்சா என்றதும் நமக்கு நியூயார்க், டிரம்பெட், சுழன்றாடும் ஜோடிகள்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. ஆனால், கதை அங்கே ஆரம்பிக்கவில்லை.

1939-ல் கியூபாவின் சியென்ஃபுவேகோஸ் நகரில் டபுள் பேஸ் கலைஞர் ஒரெஸ்தெஸ் அரகோன் தொடங்கிய நடன இசைக்குழு ‘ஓர்கெஸ்தா அரகோன்’. ‘சரங்கா’ என்ற வகையைச் சேர்ந்தது. டிரம்பெட், சாக்ஸபோன் எதுவும் கிடையாது. புல்லாங்குழல், வயலின்கள், பியானோ, பேஸ், தாள வாத்தியங்கள்... அவ்வளவுதான். 1948 முதல் வயலின் கலைஞர் ரஃபேல் லாய் குழுவை நடத்தினார். 1950-களின் நடுவில் ரிச்சர்ட் எகுவெஸின் புல்லாங்குழலும் சேர்ந்தது. குழுவின் அடையாளமே அந்தக் குழலோசைதான் என்றாகிவிட்டது.

அப்போது கியூபாவைக் கலக்கிக்கொண்டிருந்தது சா-சா-சா. சிக்கலான தாளத்துக்கு ஆட முடியாமல் ஜனங்கள் தடுமாறுவதைப் பார்த்து, என்ரிக்கே ஹோரின் எளிமையாக்கிக் கொடுத்த இசை அது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் அரகோனுக்குப் பெரிய பங்குண்டு. மளிகைக் கடைக்காரரைப் பற்றி எகுவெஸ் எழுதிய ‘எல் போதெகெரோ’வை, அமெரிக்காவின் நாட் கிங் கோலே 1958-ல் வெளிவந்த ஆல்பத்தில் பாடினார்.

1960 வாக்கில் நியூயார்க்கிலும் சரங்கா மோகம். அங்கே சரங்கா குழு நடத்திய புல்லாங்குழல் கலைஞர் ஜானி பச்சேகோதான், 1964-ல் ‘ஃபானியா’ நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கி, சல்சாவை உலகத்துக்கு விற்றவர்.

சிக்கல் இங்கேதான். ஃபானியா இசைத்தட்டுகளில் கியூபப் பாடல்கள் பலவற்றில், எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டி.ஆர்.’ என்ற இரண்டெழுத்து மட்டும் இருந்தது. ‘உரிமைகள் காக்கப்பட்டவை’ என்று அர்த்தமாம்! கியூபா மீதான அமெரிக்கத் தடையால் ராயல்டி அனுப்ப வழியில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சரி, பணம் போகாது. பெயரை அச்சிட என்ன தடை?

சல்சா வெறும் காப்பி என்று சொல்லவில்லை. நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் தங்கள் தெருவையும் கோபத்தையும் அதில் சேர்த்தார்கள். ஆனால், புதிதாகச் சேர்த்தவருக்குக் கைதட்டும்போது, முதலில் போட்டவரின் பெயரைச் சொல்வதில் என்ன குறைந்துவிடும்?

1982-ல் லாய் விபத்தில் இறந்த பிறகு, அவர் மகன் தலைமையில் அரகோன் தொடர்ந்தது. இன்றைக்கு ‘எல் போதெகெரோ’வை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது, எழுதியவர் பெயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.