விசையை அழுத்துவது வித்தையாகுமா?

"பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியில் தெரியாதது ஒன்றுமில்லை, நாம் என்னத்தைப் படிப்பிப்பது?" கற்ற பெற்றோரும் ஆசிரியரும் இன்று பெருமிதத்தோடு பேசும் பேச்சு இது. பெருமிதமா இது? கடமையிலிருந்து நழுவுவார் தேடிய சாட்டு என்போம்!

கமக்காரப் பெருமக்களைக் கேட்கிறோம். நீரிறைக்கும் இயந்திரத்தை முடுக்கத் தெரிந்த சிறுவன் உங்கள் வீட்டிலும் உண்டு. வெங்காயப் பாத்தி வாடும் வேளையில் அது நின்றுவிட்டால், எண்ணெய் வரவில்லையா, காற்றுப் புகுந்ததா என்று ஆராய அவனுக்குத் தெரியுமா? முடுக்குவது பழக்கம், ஆராய்வது கல்வி. ஒன்றை மற்றொன்றென மயங்கினால் காய்வது பாத்தியே.

இங்கிலாந்தும் இவ்வாறு மயங்கியே பின்னர் விழித்தது. கடிதம் தட்டச்சிடவும் அட்டவணை போடவும் பழக்குவதே அங்கு பெரும்பாலும் கணினிப் பாடமாயிருந்தது. 2012 இல் ரோயல் சொசைட்டி அக்குறையை அறிக்கையாக வெளியிட்டது. 2014 செப்டெம்பரில், ஐந்து வயதுச் சிறார் முதற்கொண்டு, கணினி இயங்கும் முறையையும் அதற்கு ஆணை எழுதும் முறையையும் கற்பிக்கும் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. வசதி மிக்க நாட்டுப் பிள்ளைகளுக்கே வேண்டியிருந்த பாடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாமோ?

வாசிக்காத உறுதியில் ஒப்பமிடாதே என்பது சட்டத்தரணிகள் கட்சிக்காரருக்குக் கூறும் முதற் புத்திமதி. நம் மாணவனோ ஒவ்வொரு செயலியிலும் "சம்மதம்" என்பதை வாசியாமலே அழுத்துகிறான். தன் படமும் இருப்பிடமும் எவர் கைக்குப் போகின்றன என்று அறியான். வந்த செய்தியை ஆராயாது பிறருக்கு அனுப்புகிறான். பொய்க்கூற்றுகள் சிலவற்றைப் பரப்புவதை 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் குற்றமாக்கியதையும் அறியான். சட்டம் தெரியாதென்பது நீதிமன்றில் எதிர்வாதமாகாது!

"அப்படியாயின் தொலைபேசியைப் பறித்துவிடுவோம்" என்பார் சிலர். கிணறு ஆழமென்று அதைத் தூர்ப்பாருண்டோ? கட்டுக் கட்டுவோம், பிள்ளைக்கு நீந்தவும் பழக்குவோம்.

ஆகவே, தமிழ்ப் பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே எழுந்து கேளுங்கள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை அத்துறையிற் பயின்ற ஆசிரியர் தமிழிலே கற்பிக்கிறாரா? கணினிகள் மாணவர் கைக்கு வருகின்றனவா, பூட்டிய அறையில் தூசி படிகின்றனவா? காரணம் கூறும் திறன் பரீட்சிக்கப்படுகிறதா, விரலின் வேகம் மட்டுமா?

விடை கிடைக்கும்வரை இருக்கையில் அமராதீர்கள். பிறர் ஆக்கிய கருவிக்கு விரல் மட்டும் கொடுக்கும் சமூகம், அக்கருவிக்கு உடையவனின் சொற்படியே என்றும் நடக்க நேரும்.